சுவரில் ஒட்டிய கண்ணாடி

கடைக்குள் நுழைந்ததும் என் மனைவி கீரையைப் பார்ப்பாள், நான் சுவரைப் பார்ப்பேன். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில், பழைய அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறு எது கண்ணில் படும்? கல்யாண மண்டபத்தில் எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்க்கும்போது இவர் மட்டும் கூரையில் நீர்க்கசிவு தேடுவார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் கண்ணிலிருந்து ஒரு விரிசலும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. உண்டு என்றா எழுதினேன்? இருந்தது.

ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து குடியேறிய நாட்டில், எங்கள் வீடு மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில். டொமினியன் ரோட்டில் நகரத்தை நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடத்தில் கடைப் பலகைகள் எல்லாம் சீன எழுத்துக்கு மாறிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வறுத்த வாத்துகள், ஆவி பறக்கும் மூங்கில் கூடைகள், வேர்களும் உலர்ந்த பூக்களும் அடுக்கிய மருந்துக் கடை, பால் தேநீருக்கு வரிசையில் நிற்கும் மாணவர்கள். சனிக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு ஒரு லாட்டரிச் சீட்டும் வாங்கிவிடலாம். எங்கள் ஆட்கள் புதிதாக வரும்போது சீனக் கடை என்றால் மூக்கைப் பிடிப்பார்கள். ஒரு மாதம் போனால் சேப்பங்கிழங்குக்கும் பாகற்காய்க்கும் தண்டுக்கீரைக்கும் அங்கேதான் போய் நிற்பார்கள். நாங்களும் அப்படித்தான்.

அந்தக் கடைவரிசையைச் சீனர்கள் கட்டவில்லை. டிராம் ஓடிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. உள்ளே கம்பி கிடையாது. சுவரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு கான்கிரீட் பட்டைகூடக் கிடையாது. அண்ணாந்து பார்த்தால் ஒரு கட்டடத்தின் நெற்றியில் பழைய கசாப்புக் கடையின் பெயர் புது வண்ணத்துக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரியும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வந்து இந்தச் சின்னக் கடைகள் ஈ ஓட்டத் தொடங்கியபோது வாடகை இறங்கியது. அப்போது ஹாங்காங்கிலிருந்தும் தைவானிலிருந்தும், பிறகு சீனாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தன. தெருவுக்கு மறுபடி உயிர் வந்தது. மாடியில் அரிசி மூட்டைகள் ஏறின, சுவரைத் துளைத்துக் குளிர்சாதனக் குழாய்கள் போயின. அந்தச் சுவர்களிடம் இதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நாங்கள் வாடிக்கையாகப் போன காய்கறிக் கடை வரிசையின் கோடியில் இருந்தது. அதன் வலது பக்கச் சுவருக்கு வெளியே, பின்புறம் லாரி போவதற்கான சந்து. சுவருக்கு உள்பக்கம் நீளமாக மேசை போட்டுக் காய்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். கத்தரி, முள்ளங்கி, பூசணித் துண்டுகள், கயிறு மாதிரிக் கட்டி வைத்த நீளமான காராமணிக்காய். அந்தக் காயை என் மனைவி காராமணி என்பாள். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா பயத்தங்காய் என்பார். இருவரும் அந்த மேசைமுன் நின்று, எது சரியான பெயர் என்று சிரித்துக்கொண்டே சண்டை பிடிப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே பதினாறு அடி உயரத்துக்குச் செங்கல்.

கடையை நடத்தியவர் அறுபது வயதைத் தாண்டிய சீன அம்மா. கணவர் இறந்துவிட்டார், மகள் மெல்போர்னில். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று கைபிடித்து நடக்கும் ரகம். ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை. அவர் சொன்னதையெல்லாம் என் மனம் தமிழில்தான் வைத்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். வீட்டுக் கண்ணாடிக் கூடாரத்தில் அவர் வளர்த்த கறிவேப்பிலையில் ஒரு கொத்தைச் செய்தித்தாளில் சுற்றி, எங்களுக்கென்று கல்லாவுக்கு அடியில் ஒதுக்கி வைப்பார். முதல் மாதமே என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். எஞ்சினியர் என்றேன்.

அது முழு உண்மை அல்ல. ஊரில் நான் எஞ்சினியர். இங்கே என் அனுபவம் செல்லாக் காசு. விரி என்ற தொழிற்பேட்டையில் முளைக்கும் கிடங்குகளுக்குக் கணினியில் வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலை எனக்கு. கணக்குப் போடுவது வேறொருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன் என் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் தருவான். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவா முடியும்? அன்றிலிருந்து நான் கடைக்குள் கால் வைத்ததும், "எஞ்சினியர் வந்தாச்சு!" என்று கல்லாவிலிருந்து குரல் வரும். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு குரலுக்காகவே வாரம் முழுவதும் காத்திருந்திருக்கிறேன்.

பிறகு ஒரு தை மாதத்தில் அந்தப் பெருமழை வந்தது. நகரமே மிதந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மழை விட்டு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றேன். வலது சுவரில், மேசைக்கு மேலே, படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல். செங்கல்லைத் தொடாமல் சுண்ணாம்பு இணைப்பு வழியாகவே ஏறியிருந்தது. கீழே நகக்கண் அளவு, மேலே போகப் போக என் சுண்டுவிரல் நுழையும் அளவு. விரிசல் மேலே அகலமாக இருந்தால், சுவர் வெறுமனே இறங்கவில்லை, சாயவும் ஆரம்பித்திருக்கலாம் என்று அர்த்தம். வெளியே சந்துக்குப் போய்ப் பார்த்தேன். மழைநீர்க் குழாய் உடைந்து அஸ்திவாரத்தை ஒட்டி மண் அரித்துப் போயிருந்தது. பள்ளத்தை யாரோ தாரும் ஜல்லியும் போட்டு மூடியிருந்தார்கள்.

"இதை முனிசிபாலிட்டிக்குச் சொல்லணும்" என்றேன் அந்த அம்மாவிடம். "கட்டட ஓனருக்கும் எழுதணும்."

அவர் முகம் மாறியது. என் கையிலிருந்த கத்தரிக்காயை வாங்கித் தட்டில் வைத்தார். "எழுதாதே" என்றார். "பேப்பர்ல மட்டும் எதுவும் எழுதாதே."

ஓனர் சிட்னியில் இருக்கிறாராம். குத்தகை முடிய இன்னும் ஒன்றரை வருடம். சாக்குக் கிடைத்தால் மொத்தமாக இடித்து அடுக்குமாடி கட்டிவிடுவார் என்றார். பிறகு, கூட்டம் குறைந்த நேரம் பார்த்து என்னை அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கணவர் வீட்டுக் கதையைச் சொன்னார். இந்த நகரத்தில் சீனர்களின் முதல் தெரு இது அல்ல. நகர மையத்தில், டவுன் ஹாலுக்குப் பின்னால் இறங்கும் தெருவில் இருந்தது. கப்பலில் வந்து இறங்க, சீனர்களுக்கு மட்டும் போட்டிருந்த தலைவரியைக் கட்டிய ஆண்கள் அங்கே பழக்கடையும் மளிகையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருந்தார்கள். கணவரின் தாத்தாவுக்கும் அங்கே ஒரு பழக்கடை. ஒரு நாள் முனிசிபாலிட்டியிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். நல்ல மனிதர். ஒரு ஆப்பிளை வாங்கிக் கடித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார், டேப்பை நீட்டி அளந்தார், எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள், அந்தப் பக்கத்துக் கடைகளே இல்லாமல் போயின.

"எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு. திருடன் வந்தாக்கூடக் கடை மிஞ்சும், அளக்கிறவன் வந்தா மிஞ்சாதுன்னு என் புருஷன் சொல்வார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் கை என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கே ஒரு போன் அடித்திருக்க வேண்டும். ஆனால் எதிரில் நின்றது என்னை எஞ்சினியர் என்று கூப்பிட்ட இந்த நாட்டின் ஒரே மனிதர். அவர் கடையை மூட வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, என்னாலேயே சமாளிக்க முடியும் என்று ஒரு மிதப்பு. ஊரில் நாங்கள் செய்யாததா?

ஊரில் செய்வது இதுதான். பழைய தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், எதிலாவது விரிசல் கண்டால், விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் அழுத்தமாக ஒட்டிவிடுவோம். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. எங்கள் ஆபீஸ் பியூன் போட்டோ பிரேம் போடும் கடையில் வெட்டுத் துண்டு வாங்கி வருவார், செலவு ஒரு டீக்காசு. இங்கே இதற்கென்று எலக்ட்ரானிக் கருவி வைத்திருக்கிறார்கள். என் ஆபீஸில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இளக்காரமாக இருக்கும்.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் கடந்ததென்று அங்கே தூக்கிப் போட இருந்த கண்ணாடி ஸ்லைடுகள் பன்னிரண்டைக் கேட்டு வாங்கி வந்தாள். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பார்களே, விரல் நீளத்தில், அவைதான். அடுத்த சனிக்கிழமை அவற்றோடும் இரண்டு டியூப் பசையோடும் போனேன். தோள் உயரத்தில், விரிசலுக்குக் குறுக்கே ஒன்றை ஒட்டினேன். பசை எப்படிக் கலக்க வேண்டும் என்று அந்த அம்மா பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தார். மிச்சம் பதினொன்றையும் பசையையும் அவரே மூன்கேக் என்ற சீனப் பலகாரம் வந்த ஒரு பழைய டப்பாவில் போட்டு நூடுல்ஸ் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இங்கேயே இருக்கட்டும், தேவைப்படும் என்று நான்தான் சொன்னேன்.

"இது உடைஞ்சா எனக்குச் சொல்லுங்க" என்றேன். "உடைஞ்சா கடையை மூடித்தான் ஆகணும். உடையாத வரைக்கும் பயமில்லை."

"உடையாத வரைக்கும் பயமில்லை" என்று அவர் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு சனிக்கிழமைகள் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டன. எஞ்சினியர் வந்தாச்சு என்று குரல் வரும். நான் நேராகச் சுவரிடம் போவேன். கண்ணாடி முழுசாக இருக்கும், கடை விளக்கு அதில் மின்னும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் நல்லா இருக்கு" என்பேன். அவர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விடுவார். கறிவேப்பிலைக் கொத்து நாளாக நாளாகப் பெரிதாகிக்கொண்டே போனது. பிறகு பிறகு நான் சுவர் வரைக்கும்கூடப் போவதில்லை. வாசலில் நின்றபடியே கண்ணாடி மின்னுவதைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குவேன்.

வாடிக்கையாளர்கள் விரிசலைப் பார்த்து ஏதோ பேசுகிறார்கள் என்று ஒரு நாள் அதன் மேல்பகுதியை மறைத்துப் பெரிய சிவப்புக் காலண்டர் ஒன்றை மாட்டினார். மாட்டலாமா என்று என்னிடம் கேட்டுத்தான் மாட்டினார். கீழே கண்ணாடி இருக்கும்போது மேலே எது மறைத்தால் என்ன என்று சொல்லிவிட்டேன்.

ஜூனில் இங்கத்துக் குளிர்காலம் வந்தது. கடையின் பின்கதவு சாத்த முடியாமல் இழுக்க ஆரம்பித்தது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றேன். காராமணிக் கட்டின் மேல் சிவப்பாக ஏதோ தூசி படிந்திருக்கிறது என்று என் மனைவி விரலில் தொட்டுக் காட்டினாள்.

"என்னங்க இது, செங்கப்பொடி மாதிரி இருக்கு?"

"மண்ணுல விளைஞ்சது, மண்ணு இருக்காதா?" என்றேன்.

"மண்ணு மேலிருந்தா விழும்?"

அவள் கேட்ட கேள்விக்கு நான் கண்ணாடியைக் கைகாட்டினேன். அது முழுசாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் காயை உதறிப் பையில் போட்டாள்.

இன்னொன்றும் இருந்தது. சுவரின் கோடியில் உயிர்மீன் விற்கும் கண்ணாடித் தொட்டி. வசந்தகாலத்தில் ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டியின் விளிம்பும் தண்ணீரின் மட்டமும் ஒன்றாக இல்லை. சுவர்ப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் இரண்டு விரல் கீழே. தண்ணீர் பொய் சொல்லாது என்று மட்டம் பார்க்கும் கொத்தனாருக்குக்கூடத் தெரியும். உடனே தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். உடையவில்லை. தொட்டியின் கால் ஒன்று துருப்பிடித்து மடங்கியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, குனிந்து அந்தக் காலைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனேன். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அது மறந்தும் போனது.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை. தெருவெங்கும் சிவப்பு விளக்குக் கூடுகள். கடைக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆரஞ்சுப் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. என் மனைவியும் யாழ்ப்பாணத்து அக்காவும் முட்டி மோதி வழக்கமான மேசைக்குப் போய்விட்டார்கள். நான் வாசலில் நின்று கட்டைவிரலைத் தூக்கினேன். அந்த அம்மா கல்லாவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவர் அப்படி வந்ததே இல்லை.

"எஞ்சினியர், உன் கண்ணாடி தீர்ந்துபோச்சு" என்றார். "இன்னிக்குக் காலையில கடைசியை ஒட்டிட்டேன். அடுத்த வாரம் வரும்போது இன்னொரு டஜன் கொண்டு வா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பணிவாக, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு விளங்கியது. கூட்டத்தை இடித்துக்கொண்டு சுவரிடம் போனேன். கண்ணாடி புத்தம் புதிதாக இருந்தது. அதன் ஓரத்தில் பசை இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அதைச் சுற்றிச் சுவரில், பழைய பசை கத்தியால் சுரண்டப்பட்ட தழும்பு ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டுத் திட்டாக இருந்தது. இந்தச் சில மாதங்களில் ஒரே ஒரு சனிக்கிழமை கிட்டே வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். காலண்டரைத் தூக்கினேன். விரிசலுக்குள் என் கை முழுவதும் நுழையும் போலிருந்தது, சந்திலிருந்து வெளிச்சம் தெரிந்தது.

அப்போது என் முகத்துக்கு நேரே 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம், விரல் சொடுக்குகிற அளவுக்கு. புதுக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க! சுவரு!" என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். பிறகு ஆங்கிலத்தில் கத்தினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முள்ளங்கியைப் பொறுக்கினார்கள். ஒரு பெரியவர் நான் வரிசையில் புகப் பார்க்கிறேன் என்று முழங்கையால் தள்ளினார். என் மனைவி கையில் காராமணியோடு, விரிசலுக்கு நேர் கீழே, என்னவோ ஏதோ என்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணை, நெருப்போ?" என்று யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார்.

"ஆமா, நெருப்பு! தீ! தீ!" என்றேன். ஆங்கிலத்திலும் அதையே கத்தினேன். சுவர் என்றால் நகராத கூட்டம் தீ என்றதும் வாசலை நோக்கிப் பாய்ந்தது. ஆரஞ்சுகள் உருண்டன. யாரோ விழுந்தார்கள், யாரோ தூக்கிவிட்டார்கள். நான் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன், யாழ்ப்பாணத்து அக்கா அந்த அம்மாவின் இடுப்பை வளைத்து இழுத்துக்கொண்டு வந்தார். எதிர்நடைபாதையில் போய் நின்றோம். கடைக்குள் புகையும் இல்லை, தீயும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நின்றே முனிசிபாலிட்டிக்குப் போன் அடித்தேன், பதினொரு மாதம் தாமதமாக.

அன்று மாலைக்குள் கம்பி வேலி வந்தது, கதவில் நோட்டீஸ் வந்தது. நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக டேப்லெட்டோடு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். புத்தாண்டுச் சரக்கு முழுவதும் உள்ளே கிடந்து அழுகியது. ஐந்தாம் நாள், காற்றும் மழையும் இல்லாத ஒரு பகலில், அந்தச் சுவர் யாரும் தொடாமலே உள்பக்கமாகச் சரிந்தது. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். நீள மேசை இருந்த இடத்தில் என் இடுப்பளவுக்குச் செங்கல் குவிந்து கிடந்தது. சிவப்புக் காலண்டரின் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அம்மாவும் வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுவர் விழுவதற்கு முன்பே, முன்பக்கத்திலிருந்து சில சாமான்களை எடுத்துக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள். கல்லா மெஷின், கணவரின் படம், அந்த மூன்கேக் டப்பா.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"உடைஞ்சா கடையை மூடணும்னு சொன்ன. முதல் தடவை உடைஞ்சப்போ பயந்துட்டேன். புதுசு ஒட்டினேன்." அவர் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சனிக்கிழமை நீ வருவ, கண்டுபிடிச்சிடுவன்னு நினைச்சேன். நீ வந்து பார்த்த. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்ன. படிச்சவன் சொல்றான், அப்ப நல்லாத்தான் இருக்கும்னு நம்பினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

டப்பாவை என்னிடம் நீட்டினார். "இது உன்னோடது, மிஸ்டர்" என்றார். அவர் வாயிலிருந்து எஞ்சினியர் என்ற சொல் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. அடுத்த மாதம் அவர் மெல்போர்னுக்கு மகளிடம் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பதினொரு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி. பன்னிரண்டாவது சுவரோடு போயிற்று. எதையும் ஒழுங்காகச் செய்கிற அம்மா அவர். டோஃபு பாக்கெட்டில் தேதி ஒட்டுகிற மெஷினால் ஒவ்வொரு பொட்டலத்திலும், அது உடைந்த தேதியை ஒட்டி வைத்திருந்தார். நான் முதலில் ஒட்டியது மூன்றே வாரத்தில் உடைந்திருக்கிறது. அடுத்தது ஜூலையில். பின்கதவு இழுக்க ஆரம்பித்த மாதம் ஒன்று, மீன்தொட்டியில் தண்ணீர் சாய்ந்த வாரம் ஒன்று. கடைசி நான்கும் கடைசி இரண்டு வாரத்தில்.

என் மனைவி போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். வியாழன், செவ்வாய், மறுபடி வியாழன், வெள்ளி. ஒவ்வொன்றுக்கும் அடுத்த சனிக்கிழமை அவள் அந்த மேசைமுன் நின்று காய் பொறுக்கியிருக்கிறாள். நான் வாசலில் நின்று கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறேன். பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வாராவாரம் போனீங்களே" என்றாள் மெதுவாக. "எதைப் பார்க்கத்தான் போனீங்க?"

எதையும் பார்க்கப் போகவில்லை, ஒரு சொல்லைக் கேட்கத்தான் போனேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.